முடிச்சுகளால் எழுந்த உடல்கள்: நாரும் பெண்ணும் சாதியும்



நினைவுப் பொழிவு என்றால் பெரும்பாலும் நூல்களைப் பற்றியே பேசுகிறோம். இம்முறை கயிற்றைப் பற்றிப் பேச நினைத்தோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வளர்ந்த நம்மில் பலருடைய பாட்டிமாருக்கு எழுத்து தெரியாது. ஆனால் கீற்று முடைந்தார்கள், வைக்கோலில் பிரிமணை திரித்தார்கள், ஏரிக்கரைக் கோரையைக் கையில் எடுத்தால் பேச்சு முடிவதற்குள் அதை ஒரு பொருளாக்கிவிடுவார்கள். அந்தக் கைகளுக்கு நாம் நம் கலை வரலாற்றில் இதுவரை ஓர் இடம் ஒதுக்கவில்லை.

நாரைக் கொண்டு பெண்ணுருவை எழுப்பிய ஒருவரிடமிருந்து தொடங்குவோம். மிருணாளினி முகர்ஜி 1949இல் மும்பையில் பிறந்தார். தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி சாந்திநிகேதனின் ஓவியர். தாய் லீலா முகர்ஜி சிற்பி. பரோடாவில் ஓவியம் படித்த மிருணாளினிக்கு ஆசிரியராக வாய்த்தவர் கே.ஜி. சுப்ரமணியன். கலை மேலே, கைவினை கீழே என்ற கோட்டை ஏற்காத மனிதர் அவர். 1970களின் தொடக்கத்தில் மாணவி சணல் நார்க்கயிற்றைக் கையில் எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை விடவில்லை.

அவர் வேலை செய்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தறி கிடையாது. முன்கூட்டியே வரைந்துகொள்ளும் வழக்கமும் இல்லை. கடையில் வாங்கிய கயிற்றுக்குச் சாயமேற்றி, இரும்புச் சட்டத்தைத் துணையாக வைத்து, விரலாலேயே முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டு போவார். பூத்தொட்டி தொங்கவிட வீடுகளில் போடும் அதே மெக்ரமே முடிச்சுதான். நம் வீட்டுப் பெண்கள் ஒயர் கூடையில் போடும் சிவன் கண்ணும் நெல்லிக்காய் முடிச்சும் அதற்கு ஒன்றுவிட்ட தங்கைகள் என்று சொல்லலாம். ஒரு முடிச்சு தனியாக எதையும் தாங்காது. ஆயிரக்கணக்கில் நெருக்கிப் போட்டால் கயிறு தோலாகிறது, மடிகிறது, உப்புகிறது, தன் கனத்தாலேயே தொங்கி வடிவம் கொள்கிறது. ஒரு சிற்பம் முடிய மாதக்கணக்கில் ஆகும். பல சிற்பங்கள் ஆளுயரத்தைத் தாண்டியவை.

நாக தேவதா (1979), யக்ஷி (1984), வனஸ்ரீ (1994) என்று அவற்றுக்குப் பெயர்கள். யக்ஷி வேறு யாருமல்ல, தென்பாண்டி நாட்டில் நாம் இசக்கி என்று அழைப்பவளின் உறவுக்காரி. பூவிதழ் போலவும் பெண்ணுறுப்பு போலவும் விரியும் அந்த மடிப்புகளில் கெஞ்சும் தோரணை துளியும் கிடையாது. எதிரே நிற்பவர்தான் சற்றுப் பின்வாங்க வேண்டியிருக்கும். தம்மைப் பெண்ணியச் சிற்பி என்று அறிவித்துக்கொண்டவரல்ல அவர். ஆனால் 'வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கப்பட்ட முடிச்சை அவர் நிமிர்ந்து நிற்க வைத்தார். 2015 ஜனவரியில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்தது. சில நாட்களிலேயே அவர் மறைந்தார். 2019இல் நியூயார்க் மெட் ப்ராயர் அருங்காட்சியகம் அவரைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

போலந்தின் மக்தலேனா அபகனோவிச் 1960களில் பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்துச் சாயமேற்றி நெய்து, கூரையிலிருந்து தொங்கும் பேருருவங்களைச் செய்தார். அவற்றுக்கு 'அபகான்' என்று அவருடைய பெயரே நிலைத்துவிட்டது.

பெயர் என்றதும் நமக்கு உறுத்துகிறது. நம் பாட்டி முடைந்த கீற்றுக்கு யார் பெயர்? தோப்பு ஆண்டையுடையது, மட்டை ஆண்டையுடையது, கூலி எண்ணிக்கைக்கு. மட்டையை இரண்டாகப் பிளந்து, நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, வெயிலில் குந்தியபடி ஓர் ஓலை மேலே ஓர் ஓலை கீழே என்று பின்னிக்கொண்டே நகர்வாள். முகர்ஜி நாரைத் தேர்ந்தெடுத்தார். இவளுக்கு அது பிறப்போடு ஒட்டவைக்கப்பட்டது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதரையே படிப்படியாக அடுக்கிவிடுகிறது என்பதை 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். அந்த அடுக்கில்தான் ஒரே விரலசைவு ஓரிடத்தில் சிற்பமாகிறது, இன்னோரிடத்தில் 'கீழான தொழில்' ஆகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்ததும் ஒரு குடிசைக்குள்தான். கூரை முடைந்த கைகளைப் பற்றிப் பேசும்போது அதை எப்படி மறப்போம்?

ஆகவே 'பாரம்பரியக் கைவினை' என்று சீட்டு ஒட்டி மகிழ நமக்கு மனம் வருவதில்லை. ஆவடியில் 1961இல் படை உடைத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. பின்னாளில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களும் பெருகின. பேத்திகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார்கள். அங்கே ஒருத்தி காலர் தைக்கிறாள், ஒருத்தி கை தைக்கிறாள். முழுச் சட்டை யாருடையதும் இல்லை. பாட்டி முடைந்த கீற்று முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலைவரை அவளுடையது. இதை இழப்பு என்று மட்டும் சொல்லமாட்டோம். பேத்தியின் சம்பளச் சீட்டில் சாதிப்பெயர் இல்லை, பி.எஃப். எண் இருக்கிறது. பேத்திக்குச் சம்பளமும் வேண்டும், பாட்டியின் கைப்பழக்கம் அவமானமாக இல்லாமல் நினைவிலும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் நம் வழக்கு.

ஆடி மாதத்தில் பெரியபாளையம் போய்ப் பாருங்கள். வேப்பிலைக் கொத்துகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டு பெண்கள் கோயிலை வலம்வருகிறார்கள். நேர்த்திக்கடனில் நமக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் இலையும் நாரும் ஒரு பெண்ணுடலை வேறொன்றாக மாற்றுவதைக் காண நியூயார்க் போக வேண்டியதில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் தெருவில் கீற்றோ கூடையோ முடைந்த மூதாட்டி ஒருவர் இருப்பார். ஓலை எந்தத் தோப்பிலிருந்து வந்தது, நூறு கீற்றுக்கு என்ன கூலி, அந்த வீட்டார் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள், அவர் அவர்களை எப்படிக் கூப்பிட வேண்டியிருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும் எழுதுங்கள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கீற்று முடைந்து பாருங்கள். இரண்டாவது வரிசையிலேயே விரல் சிக்கிக்கொள்ளும். அவர் சிரிப்பார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.