வெந்நீர்க் கலத்தைக் காக்கும் கோல்

எம் இல்லம் கேளம்பாக்கத்தில் உப்பளங்கட்கு அணித்தே உள்ளது. அங்குக் குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த கீசர் எனும் வெந்நீர்க் கலம், வாங்கிய நான்காம் ஆண்டிலேயே கசியத் தொடங்கிற்று. பழுது பார்க்க வந்தவர் அடித்தட்டைக் கழற்றி, மெல்லிய கம்பி ஒன்றை எந்தையாரிடம் கொடுத்து, "ஐயா, இதுதான் அனோடு ராடு. கரைந்து கம்பி மட்டும் நிற்கிறது" என்றார். கலம் உள்ளே துருவேறி ஓட்டையாகிவிட்டமையின் செப்பனிடற்கும் வழியில்லை. கோல் ஒன்றை மாற்றாமையால் கலம் ஒன்றையே இழந்தோம்.

அக்கோல் யாது? கலத்தின் உட்புறம் எஃகு. அதன்மேற் கண்ணாடிப் பூச்சு உண்டு. பூச்சில் மயிரிழையளவு வெடிப்பு நேரினும் நீர் எஃகைத் தீண்டித் துருவேற்றும். இதனைத் தடுத்தற்கே மக்னீசியக் கோலொன்றை உள்ளே வைக்கின்றனர். மின்னணுக்களை விட்டுக் கரையும் இயல்பு இரும்பினும் மக்னீசியத்திற்கு மிகுதி. அவற்றின் மின்னழுத்தம் முறையே −0.44 வோல்ட்டும் −2.37 வோல்ட்டும் ஆம். இரண்டும் ஒரே நீரில் தம்முள் இணைந்திருக்குங்கால் மக்னீசியம் கரைய, எஃகு பிழைக்கின்றது. ஆகவே கோல் தேய்தல் பழுதன்று. அதன் தொழிலே அஃதாம். சில ஆண்டுகள் கழிந்தும் சிறிதும் தேயாத கோலையன்றோ ஐயுறல் வேண்டும்! கலத்தோடு அதற்குள்ள இணைப்பு அற்றிருக்கலாம்.

இம்முறை பழையது. ஆங்கில அறிஞர் ஹம்ப்ரி டேவி 1824-ஆம் ஆண்டில், போர்க்கப்பல்களின் அடியிற் போர்த்த செப்புத் தகட்டை அரியாமற் காக்க இரும்புத் துண்டுகளைப் பொருத்தினார். செம்பு அரிக்கப்படவில்லை, ஆயின், செம்பு கரையாமையால் சிப்பியும் பாசியும் அடர்ந்து பற்றிக் கப்பலின் விரைவைக் குறைத்தன! கடற்படையார் அம்முறையைக் கைவிட்டனர். வெந்நீர்க் கலத்திற்கு அத்தொல்லை இல்லை.

எம் ஊரில் இக்கோல் விரைந்து தேய்தற்குக் காரணம் உண்டு. கிழக்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் உள்ளன; ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உவர்ப்பாகவே வருகின்றது. உப்பு மிகுந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துமாதலின், கோலும் விரைந்து கரையும். நன்னீர் வரும் ஊரில் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை பார்த்தல் போதும் எனின், இங்கு ஆண்டுதோறும் பார்த்தல் நன்று.

பார்க்கும் முறை இது. மின்பெட்டியிலேயே இணைப்பைத் துண்டித்து, நீர் ஆறும்வரை பொறுத்து, உள்வரும் குழாயை அடைத்து, கலத்து நீரை வடித்துவிடல் வேண்டும். நம் நாட்டுக் கலங்களிற் பெரும்பாலானவற்றில், வெப்பமூட்டும் சுருள் பொருந்திய அடித்தட்டிலேயே கோலும் திருகப்பட்டிருக்கும். மரைகளைக் கழற்றித் தட்டை இறக்கினால் இரண்டும் ஒருங்கே வரும். மேலே படிந்த வெண்பொடியைச் சுரண்டிப் பார்த்து, கோல் பாதிக்குமேல் மெலிந்திருப்பினும் நடுக்கம்பி தோன்றினும் அதே அளவுடைய புதுக்கோலைத் திருகுக. தட்டின் ரப்பர் வளையத்தையும் மாற்றுக. பழையதை மீண்டும் இட்டால் கசிவு நேரும். முடிவில் வெந்நீர்க் குழாயில் நீர் தடையின்றி ஒழுகிய பின்னரே மின்விசையைப் போடுக. வெறுங்கலத்தில் சுருள் எரிந்துபோம். மின்வேலை பழகாதார் தாமே கழற்றப் புகாது, மின்பணியாளரை அழைத்தலே தக்கது.

புதுக்கலம் மாட்டி ஓராண்டானதும் கழற்றிப் பார்த்தோம். பெருவிரற் பருமனிருந்த கோல் சுண்டுவிரலாய் மெலிந்திருந்தது. அன்றே மாற்றினோம்.