நாடியும் நாளமும்

நாம் கல்லூரியில் மாணவராயிருந்த காலத்தில், விளையாட்டிடத்திலே தோழனொருவனின் முன்கையைக் கண்ணாடித் துண்டொன்று ஆழமாகக் கீறிவிட்டது. குருதி துள்ளித் துள்ளிப் பாய்ந்தது. நாம் செய்வதறியாது சூழ்ந்து நின்றோம். சிற்றூழியர் ஒருவரே தம் சால்வையை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, வைத்தியசாலை சேரும்வரை அழுத்திய கையை எடாதிருந்தார். தோழன் பிழைத்தான். குருதி துள்ளியது ஏன்? தமிழாசிரியராகிய நாம் பின்னர்க் கற்றறிந்ததை ஈண்டுக் கூறுவாம்.

குருதிக்கலன்கள் மூவகைப்படும். இதயத்தினின்றுங் குருதியைக் கொண்டுசெல்வது நாடி. இதயத்துக்கு மீட்டுக் கொணர்வது நாளம். இவ்விரண்டையும் இணைப்பது மயிர்த்துளைக்குழாய். தூய குருதி செல்வது நாடி, அசுத்த குருதி செல்வது நாளம் என மாணவர் மனனஞ் செய்வதுண்டு. அது முற்றும் பொருந்தாது. நுரையீரல் நாடியிற் செல்வது ஒட்சிசன் குறைந்த குருதி. நுரையீரல் நாளத்தில் வருவது ஒட்சிசன் நிறைந்த குருதி. ஆதலின், செல்லுந் திசையே இவற்றின் இலக்கணமாம்.

நாடியின் சுவர் தடித்தது. விரிந்து மீளுந் தன்மையது. இதயம் சுருங்குந்தோறும் பாயுங் குருதியின் அமுக்கத்தை அது தாங்குகின்றது. மணிக்கட்டில் வைத்தியர் விரல்வைத்து உணர்வது அவ்வசைவையே. 'நாடி பார்த்தல்' என்னும் வழக்கு மிகப் பொருத்தமானதன்றோ!

நாளத்தின் சுவர் மெல்லியது. அதனுள் அமுக்கமுங் குறைவு. ஆயினும் உடற்குருதியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நாளங்களிலேயே தங்கியுள்ளது. கைகால்களின் தசைகள் சுருங்கி நாளங்களை நெருக்கக் குருதி இதயம் நோக்கிச் செல்லும். அது பின்னோக்கி வாராவண்ணம் வால்வுகள் தடுக்கும்.

மயிர்த்துளைக்குழாயின் சுவர் ஒற்றைக் கலப்படையாலாயது; விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு. ஒட்சிசனும் உணவும் இழையங்களை அடைவது இதன் வழியேயாம். 1628 இல் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கி நூல் வெளியிட்ட வில்லியம் ஹாவி, இவ்விணைப்பைக் காணாமலே 1657 இல் மறைந்தார். 1661 இல் மல்பிகி என்னும் இத்தாலிய அறிஞர், தவளையின் நுரையீரலில் நுணுக்குக்காட்டி கொண்டு அதனைக் கண்டு வெளிப்படுத்தினார்.

நாடி வெட்டுண்டாற் குருதி இதயத்துடிப்போடு ஒத்துத் துள்ளும். நாளத்தினின்று சீராக வழியும். மயிர்த்துளைக்குழாய்களினின்று மெல்லக் கசியும். எதுவாயினும் முதற்கண் செய்யத்தக்கது, தூய துணிகொண்டு விடாது அழுத்துதலே. குருதி துள்ளினாலோ மிகுதியாக வழிந்தாலோ, அழுத்தியவாறே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

அச்சிற்றூழியர் இக்கலன்களின் பெயர்களைப் படித்தவரல்லர். அவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிய நாமே அன்று வாளா நின்றோம். நம் பிள்ளைகளேனும் பெயரோடு பயனையும் அறிந்து கற்பாராக.