உங்களுக்குத் தெரியுமா? மறுபடி திரைக்கு வரவேண்டிய திகில் நாவல்கள்

ஓடிடி தளங்களில் திகில் தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் உலகின் ஆகச் சிறந்த பேய்க்கதைகளில் பல, இரண்டு மணி நேர சினிமாவுக்குள் திணிக்கப்பட்டதில் தங்கள் உயிர்நாடியையே இழந்தன. எந்த இடம் நம்மை நடுங்க வைக்கிறதோ, சரியாக அந்த இடத்தில்தான் கத்திரி விழுந்திருக்கிறது. அவற்றை யாராவது நிதானமாக, தொடராக எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. (சில கதைகளின் முடிவைச் சொல்லாமல் பேச முடியவில்லை. படிக்கப் போகிறவர்கள் அந்த இடங்களைத் தாண்டிச் செல்லுங்கள்.)

● பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’வில் கதைசொல்லி என்று தனியாக ஒருவர் கிடையாது. டைரிகள், கடிதங்கள், தந்திகள், நாளிதழ்ச் செய்திகள், ஒரு கப்பல் கேப்டனின் பதிவேடு, இவைதான் நாவல். டாக்டர் செவார்டு தன் டைரியை எழுதுவதுகூட இல்லை. ஃபோனோகிராஃப் கருவியில் பேசிப் பதிகிறார். மினா என்ற இளம்பெண் எல்லாவற்றையும் டைப்ரைட்டரில் அடித்துத் தேதிவாரியாக அடுக்குகிறாள். நம் கையில் இருக்கும் புத்தகம் அவள் தொகுத்த அந்தக் காகிதக் கட்டுதான்.

எல்லோருக்கும் டைரி இருக்கிறது, டிராகுலாவுக்கு மட்டும் இல்லை. முதல் நான்கு அத்தியாயங்கள் முடிந்தபின் அவன் நேரில் தலைகாட்டும் இடங்கள் மிகச் சொற்பம். ஜன்னலில் ஒரு நிழல், கழுத்தில் இரண்டு சிறு புள்ளிகள், பூங்காவில் காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றிய பத்திரிகைச் செய்தி என்று துண்டு துண்டாகத்தான் அவனை அறிகிறோம். ஆளுக்கு ஒரு துண்டு தெரியும், முழுசாக யாருக்கும் தெரியாது. வாசகனுக்கு மட்டும் தெரியும், கத்தவும் முடியாது. இந்தத் தவிப்புதான் நாவலின் பலம். படம் எடுத்தவர்களோ டிராகுலாவையே நாயகனாக்கி, கறுப்பு அங்கியோடு நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

● நாவலின் டைரிக் குறிப்புகள் மே 3-ஆம் தேதி தொடங்கி நவம்பர் 6-ஆம் தேதி முடிகின்றன. 2021-இல் தொடங்கிய ஒரு மின்னஞ்சல் இதழ், அந்தந்தத் தேதிக்குரிய குறிப்பை அந்தந்த நாளிலேயே வாசகர்களுக்கு அனுப்பி வைத்தது. ஓடிடி தளம் இதைச் செய்தால் எப்படியிருக்கும்! மே மாதத்தில் முதல் எபிசோடு, டிராகுலாவின் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட இளம் வழக்கறிஞன் ஜொனாதனிடமிருந்து வாரக்கணக்கில் தகவல் இல்லை, ஆகஸ்டில் திடீரென்று விட்பி துறைமுகத்தில் ஆளில்லாத கப்பல் ஒன்று கரை ஒதுங்குகிறது. ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடையும் பார்த்து முடிக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தோன்றவில்லை.

● டிராகுலாவுக்கு இரையாகிவரும் லூசியை, மினாவின் தோழியை, காப்பாற்ற நான்கு ஆண்கள் அடுத்தடுத்து ரத்தம் கொடுக்கிறார்கள். யாருடைய ரத்தம் யாருக்குச் சேரும் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் வழியில்லை. ரத்த வகைகளை கார்ல் லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்து வெளியிட்டது நாவல் வந்து சில ஆண்டுகள் கழித்து, 1901-இல். அவளைக் கொன்றது காட்டேரியா, வைத்தியமா என்று இன்றைய பார்வையாளரைச் சந்தேகப்பட வைக்கும் ஒரு எபிசோடு இதில் ஒளிந்திருக்கிறது.

● சூரிய ஒளி பட்டால் டிராகுலா சாக மாட்டான். நாவலில் அவன் பட்டப்பகலில் லண்டன் வீதியில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் கரைந்து சாகும் காட்டேரி 1922-இல் ஜெர்மனியில் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’வின் கைவண்ணம். அனுமதி வாங்காமல் எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. ஆனாலும் சில பிரதிகள் தப்பிப் பிழைத்தன.

மார்பில் மர ஆப்பு அடித்து டிராகுலாவைக் கொல்வதும் நாவலில் இல்லை. ஜொனாதனின் கூர்க்கா குக்ரி அவன் கழுத்தை அறுக்க, குவின்சி என்ற அமெரிக்கனின் வேட்டைக் கத்தி நெஞ்சில் இறங்குகிறது.

● ‘டிராகுலா’வுக்கு 25 ஆண்டுகள் முந்தியது, ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’. 1872-இல் புத்தகமானது. இதில் காட்டேரி ஒரு பெண், அவள் தேடி வருவதும் ஒரு பெண்ணை. மூன்றே எபிசோடு போதும்.

● இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால், ரிச்சர்டு மாத்தசன் 1954-இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜெண்ட்’ நாவலைத்தான் வைப்பேன். மூன்று முறை படமாகியிருக்கிறது: 1964-இல் வின்சென்ட் பிரைஸ், 1971-இல் சார்ல்டன் ஹெஸ்டன், 2007-இல் வில் ஸ்மித். முதல் படத்தின் திரைக்கதையில் மாத்தசனுக்கும் பங்கு உண்டு. ஆனால் முடிந்த வேலை பிடிக்காமல், தன் பெயருக்குப் பதில் லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைப் போடச் சொல்லிவிட்டார்.

வில் ஸ்மித் படத்தில் நாயகன் நெவில் ராணுவ விஞ்ஞானி. நாவலில் அவன் லாஸ் ஏஞ்சல்ஸில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த சாதாரண ஆள். கொள்ளைநோயில் மனைவியும் மகளும் போய்விட்டார்கள், ஊரே காட்டேரியாகிவிட்டது. பகலில் ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறான், பூண்டு மாலை கட்டுகிறான், நூலகத்திலிருந்து புத்தகங்களை அள்ளி வந்து மைக்ரோஸ்கோப்பை எப்படிப் பார்ப்பது என்று தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறான். ராத்திரியானால் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, முன்பு தினமும் அவனோடு வேலைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரன்.

நடுவில் ஒரு நாய் வருகிறது. மாதக்கணக்கில் உயிருள்ள துணையையே பார்க்காதவன், அந்தத் தெருநாயின் நம்பிக்கையைப் பெற பாலும் இறைச்சியும் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான். நாள்தோறும் கொஞ்சம் கிட்டே நெருங்குகிறான். கடைசியில் நாய் அவன் கையை நக்குகிறது. ஒரே வாரத்தில் அது செத்தும் போகிறது. இதை எடுக்க ஒரு முழு எபிசோடு வேண்டும், வசனமே தேவைப்படாது. 2007 படத்தில் நாய் ஆரம்பத்திலிருந்தே கூட இருக்கிறது. அந்தக் காத்திருப்பு மொத்தமும் போய்விட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு முடிவு. நோயோடு வாழக் கற்றுக்கொண்ட சிலர் ஒரு புதிய சமூகத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை, பகலில் வந்து தூங்குகிறவர்களைக் குத்திக் கொன்றுவிட்டுப் போகும் அரக்கன் நெவில்தான். சாகப்போகும் நேரத்தில் இது அவனுக்குப் புரிகிறது. தலைப்பின் பொருளே அதுதான். மூன்று படங்களும் அவனைத் தியாகியாக்கி முடித்தன. 2007-இல் நாவலுக்குச் சற்று அருகில் வரும் ஒரு முடிவை எடுத்திருந்தார்கள். முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்களுக்குப் பிடிக்காததால் அது பிறகு டிவிடியில் மட்டும் வந்தது.

● ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) இந்த நாவலிலிருந்து பிறந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்றைய ஜாம்பி படங்களுக்கெல்லாம் பாட்டன், மூன்று முறை படமாகியும் தன் சொந்த முகத்தோடு இன்னும் திரைக்கு வராத இந்தச் சின்னப் புத்தகம்தான்.

● ‘ரிங்’ என்றதும் டிவிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வரும் சடகோதானே நினைவுக்கு வருகிறாள்? கோஜி சுசுகி 1991-இல் எழுதிய நாவலில் அந்தக் காட்சியே இல்லை. 1998 ஜப்பானியப் படத்துக்காகச் சேர்த்தது. நாவல் ஏறக்குறைய துப்பறியும் கதைபோல நகர்கிறது. பத்திரிகையாளர் அசகாவாவும் நண்பர் ரியூஜியும், பார்த்தவரைச் சாகடிக்கும் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். அவ்வப்போது ஒரு கணம் திரை கறுக்கிறது. கண் சிமிட்டல்! அப்படியானால் இது கேமராவில் எடுத்த படமே இல்லை, யாரோ ஒருவர் கண்ணால் பார்த்தது. இதைப் படித்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தப் படத்திலும் வந்த பேயைவிட இது பெரிய பயம்.

அடுத்த பாகமான ‘ஸ்பைரல்’ படமும் ‘ரிங்’ வெளியான அதே நாளில் வந்தது. ‘ரிங்’ ஓடு ஓடென்று ஓட, இதை யாரும் சீண்டவில்லை. மறு ஆண்டே அந்தக் கதையை ஓரங்கட்டிவிட்டு ‘ரிங் 2’ எடுத்தார்கள். மூன்றாம் நாவல் ‘லூப்’, முதல் இரண்டு கதைகளும் எந்த உலகில் நடந்தன என்பதையே தலைகீழாக்கிவிடும். மூன்றையும் மூன்று சீசனாக எடுக்க ஜப்பானியத் தயாரிப்பாளர் ஒருவர் துணிய வேண்டும்.

● நாவலை அப்படியே எடுத்தால் போதுமா? போதாது. ‘தி ஷைனிங்’ (1977) நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் எடுத்த விதம் ஸ்டீபன் கிங்குக்குப் பிடிக்கவில்லை. 1997-இல் தானே திரைக்கதை எழுதி மூன்று பாகத் தொலைக்காட்சித் தொடராக்கினார். 1974-இல் அவர் தங்கி, கதைக்கு வித்து கிடைத்த கொலராடோவின் ஸ்டான்லி ஹோட்டலிலேயே படப்பிடிப்பு. புத்தகத்தில் தோட்டத்துச் செடிகளை மிருக உருவில் வெட்டி வைத்திருப்பார்கள், அவை நகரும். குப்ரிக் அதை விட்டுவிட்டுப் புதிர்த்தோட்டம் வைத்தார். தொடரில் கம்ப்யூட்டர் உதவியோடு அந்த மிருகங்களை உலவவிட்டார்கள், பயம் வரவில்லை. எதை எழுத்தில் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தவர் கையில்தான் நாவல் போய்ச் சேர வேண்டும்.

● ‘தி ஷைனிங்’ புத்தகத்தில் பேய் வரும் அறை 217, குப்ரிக்கின் படத்தில் 237. வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட டிம்பர்லைன் லாட்ஜ், நிஜமாகவே இருக்கும் 217-ஆம் அறைக்குப் பிறகு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து எண்ணை மாற்றச் சொன்னது.

● கிங்கின் ‘சேலம்ஸ் லாட்’ (1975) இதுவரை மூன்று முறை திரை கண்டுவிட்டது: 1979, 2004, 2024. நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்க ஊரின் ஒரு நாள். விடியலில் மாடு கறக்கும் பண்ணையில் தொடங்கி நள்ளிரவு வரை வீடு வீடாகப் போகும். அந்த ஊர்க்காரர்களை நமக்குத் தெரிந்திருந்தால்தானே, ஒவ்வொருவராகக் காட்டேரி ஆகும்போது வலிக்கும்? 2024-இல் வந்தது மறுபடியும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிய படம்.

● பீட்டர் ஸ்ட்ராப் எழுதிய ‘கோஸ்ட் ஸ்டோரி’ (1979) நாவலுக்கும் இதே கதி. நியூயார்க் மாநிலத்தில் மில்பர்ன் என்ற சிற்றூர். நான்கு முதியவர்கள் கூடிப் பேய்க்கதை சொல்கிறார்கள், வெளியே பனி கொட்டி ஊரையே மூடுகிறது, இளமையில் அவர்கள் செய்த ஒரு தப்பு வேறு வேறு பெண் உருவங்களில் திரும்பி வருகிறது. 1981 படத்தில் அந்த ஊரே காணாமல் போய், பழிவாங்கும் சாதாரணப் பேய்க்கதையாகச் சுருங்கிவிட்டது. நடனத்தால் உலகை மயக்கிய ஃபிரெட் அஸ்டேருக்கு இதுவே கடைசித் திரைப்படம். பத்து எபிசோடு கொடுக்கத் தகுதியுள்ள நாவல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

● நெட்ஃபிளிக்ஸ் 2018-இல் வெளியிட்ட ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நல்ல தொடர். ஆனால் ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய கதை வேறு. நாவலில் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேரெல்லாம் இல்லை. எலினோர் என்ற 32 வயதுப் பெண், படுக்கையில் கிடந்த தாய்க்கு 11 ஆண்டுகள் பணிவிடை செய்து இளமையைத் தொலைத்தவள். அக்காவும் அவளும் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கிய காரை, அக்கா மறுத்தும் கேட்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அவளை ‘வா’ என்று கூப்பிடும் முதல் இடம் அந்தப் பேய்வீடுதான். அங்கிருந்து போகச் சொன்னால் எங்கே போவாள்? 1963-இல் ராபர்ட் வைஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இதைத் தொட்டது. ஒரு பேயைக்கூடக் காட்டாமல், உள்நோக்கிப் புடைக்கும் கதவை மட்டும் காட்டி அலறவைத்தது.

● டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) புலிட்சர் பரிசு வாங்கிய இலக்கியம். பேய்க்கதையும்தான். 1856-இல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி, பிடிபடும் நேரத்தில் தன் குழந்தையையே கொன்ற மார்கரெட் கார்னரின் நிஜக் கதை அதற்கு விதை. நாவலில் அந்தக் குழந்தை திரும்பி வருகிறது. ஓப்ரா வின்ஃபிரே நடிக்க 1998-இல் வந்த படம் வசூலில் தோற்றது. அடிமை வாழ்வின் கொடூரத்தைப் பத்து எபிசோடுகளில் தாங்கிக் காட்ட முடியும் என்று 2021-இல் பேரி ஜென்கின்ஸ் ‘தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ மூலம் நிரூபித்துவிட்டார். அவர் கையில் இந்த நாவல் கிடைக்கட்டும்.

● மார்க் டேனியலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ (2000) நாவலில் ஒரு வீட்டை அளக்கிறார்கள். வெளியளவைவிட உள்ளளவு கால் அங்குலம் கூடுதல். அங்கிருந்து தொடங்குகிறது பயங்கரம்.

● லவ்கிராஃப்டின் அண்டார்டிகா திகில் ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ 1936-இல் பத்திரிகைத் தொடராக வந்தது. இயக்குநர் கிய்யெர்மோ டெல் டோரோ இதைப் படமாக்கப் பல ஆண்டுகள் போராடினார். ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பு, டாம் க்ரூஸ் நடிப்பு என்று பேச்சு கனிந்து வந்தது. பெரிய பட்ஜெட், அதிலும் வயதுவந்தோருக்கு மட்டுமான படம் என்றதும் யுனிவர்சல் நிறுவனம் 2011-இல் பின்வாங்கியது. அதே டெல் டோரோ, நெடுங்காலம் கனவு கண்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் முடித்துக் காட்டிவிட்டார். பனிமலைக்குப் போக அவருக்கு இப்போது யார் பணம் கொடுக்கப் போகிறார்கள்?