ஒரே மாடி, இரண்டு கதவுகள்

ரொறன்ரோ நகரின் வெலெஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் இடத்திலே வானளாவ நிற்கும் சென்ற் ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடிகளை எம்மவருள் அறியாதார் மிகச் சிலரே. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்நகரில் வந்திறங்கிய எம்மவர் பலர் முதன்முதலிற் பாய் விரித்துப் படுத்தது அங்கேதான். ஆயின் அக்கட்டடங்கள் எமக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1960களில் அவை எழுந்தபோது, நகரின் நடுவே தொழில் பார்க்கும், மணமாகாத, பிள்ளைகுட்டி இல்லாத இளைஞரையே கட்டியோர் மனத்திற் கொண்டிருந்தனர். அவ்விளைஞர்கள் காலப்போக்கில் வேறிடம் பெயர்ந்தனர். உலகெங்கும் இருந்து அகதிகளும் குடிவரவாளரும் வந்து சேர்ந்தனர். தனித்து வாழ்வோருக்கென அளந்து கட்டிய அறைகளிலே நாம் தொட்டில் கட்டினோம், சுவாமிப்படம் மாட்டினோம், சமயலறையில் ஆட்டுக்கல்லுக்கும் இடம் தேடினோம்.

இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது, அத்தகைய தொடர்மாடிகளிலே, சென்ற் ஜேம்ஸ் ரவுனிலாயினும் ஸ்காபரோவிலாயினும், நாம் அடிக்கடி காணும் ஒரு காட்சியைப் பற்றியது. ஒரே மாடி. அடுத்தடுத்த இரண்டு கதவுகள். ஒன்றில் ஓர் ஆண், மற்றதில் ஒரு பெண். ஒருவரையொருவர் விரும்புகின்றனர் என்பதை இருவரும் அறிவர். மாடியிலுள்ள ஏனையோர் இன்னும் நன்றாக அறிவர். ஆயினும் திருமணம் என்ற பேச்சு எழுந்தவுடன் இருவரும் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்கின்றனர். ஆண்டுகள் கழிகின்றன.

இக்கட்டுரையிற் பெயர்கள் இல்லை. நாம் வரையும் இருவரும் குறித்த எவரும் அல்லர்; பல மாடிகளின் சாயல்கள் கலந்தவர்கள். அகத்திணை பாடுமிடத்துத் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டுதல் ஆகாதென்று தொல்காப்பியர் விதித்தது எமக்கும் வசதியாயிற்று.

ஊரிலே அயல் என்றால் வேலி. கிடுகு வேலியின் பொட்டுக்குள்ளாற் கறிச்சட்டி போகும், செய்தி போகும், சில வேளைகளிற் காதலும் போனதுண்டு. இங்கே வேலி இல்லை. இலக்கமிட்ட கதவுகளும் நீண்ட நடைவழியும் மட்டுமே. எனினும் மனிதர் பொட்டுத் தேடிக்கொள்வர். நிலக்கீழ் அறையிலுள்ள சலவை இயந்திரத்துக்கு நாணயம் மாற்றுவதில் தொடங்கும். பின்னர் கறிவேப்பிலை. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருபவருக்கு அடுத்த வீட்டிலிருந்து ஒரு சோற்றுப் பெட்டி. அப்பெண்ணின் வீட்டுக் குழாய் ஒழுகினால், கட்டட மேற்பார்வையாளருக்கு முன்பே அவர் குறட்டோடு வந்து நிற்பார். ஒரு நாள், "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று ஒரு திறப்புக் கைமாறும். திறப்புக் கைமாறிய நாளே நிச்சயார்த்த நாள் என்பது எமது கருத்து. அவர்கள் இருவரும் அதனை ஒப்புக்கொள்ளார்.

ஆங்கிலப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இத்தகைய அயலவர் காதல் மலிந்து கிடக்கிறது. அங்கே இருவரும் அஞ்சுவது தம் சுதந்திரம் போய்விடும் என்பதற்கே. இந்நாட்டு வாழ்க்கையும் அதற்கு இடம் கொடுக்கிறது. 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி கனடாவின் வீடுகளில் 29.3 சதவீதமானவை ஒருவர் மட்டுமே வாழும் வீடுகள். இணைந்து வாழும் சோடிகளில் 23 சதவீதத்தினர் மணம் செய்யாது வாழ்கின்றனர். எம்மவரின் தயக்கத்தையும் இக்கணக்கிற் சேர்த்துவிடுவது எளிது. பிள்ளைகள் கனடியராகிவிட்டனர் என்று பெரியோர் சலித்துக்கொள்வதும் அதனாலேதான். ஆயின் நாம் கண்டவரை, எமது இருவரின் அச்சம் வேறு. அது பத்திரங்களில் இருந்து பிறந்த அச்சம்.

அவரை முதலில் எடுத்துக்கொள்வோம். அவருடைய அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. அல்லது நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் நிற்கிறது. அப்பெண்ணோ கனடியப் பிரசை. அவர் வாய் திறந்து கேட்டால் அது அன்பினாற் கேட்டதா, 'கார்ட்'டுக்காகக் கேட்டதா? அப்பெண் அவ்வாறு எண்ணாவிடினும் நடைவழியிலுள்ளோர் எண்ணுவர். குடிவரவு அதிகாரியும் எண்ணுவார். வதிவிட உரிமையைப் பெறுவதே முதன்மை நோக்கமாகச் செய்த திருமணத்தையோ, உண்மையற்ற திருமணத்தையோ ஏற்கலாகாதென்பது ஒழுங்குவிதி. முன்னர் இவ்விரு குறைகளும் ஒருங்கே இருந்தாலே விண்ணப்பம் தள்ளப்படும். 2010 செப்டெம்பரில் விதி மாற்றப்பட்டு, இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்றாயிற்று. அதாவது இன்று உண்மையாக நேசிக்கும் இருவரும்கூட, மணம் செய்துகொண்ட வேளையின் நோக்கத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். மானமுள்ள மனிதர் ஒருவர் இந்நிலையில் என்ன செய்வார்? கேஸ் முடியட்டும், சொந்தக் காலில் நின்று கேட்போம் என்று வாளாவிருப்பார். அவர் கேளாதிருப்பதற்குக் காரணம் அன்பின்மை அன்று. அன்பின்மீது ஐயம் படிந்துவிடக் கூடாதே என்பதுதான்.

இனி அப்பெண். அவர் முன்பு ஒரு முறை ஊரிலே மணம் முடித்து, கணவரை ஸ்பொன்சர் செய்து அழைத்தவர். வந்தவர் சில மாதங்களிற் பிரிந்து போனார். வாழ்க்கை போனது ஒருபுறம், கையொப்பம் போகவில்லை. கணவனையோ மனைவியையோ பொறுப்பு நின்று அழைப்பவர், அவர் வதிவிட உரிமை பெற்ற நாளிலிருந்து மூன்றாண்டுகள் பொறுப்பாளியாவார். 2002க்கு முன்னர் இது பத்தாண்டுகள். இடையில் மணமுறிவு ஏற்பட்டாலும், பிரிந்து போனவர் அரச உதவிப்பணம் எடுத்தால் அக்கடன் அழைத்தவர் தலையிலேயே விழும். இவ்வாறு கடன் விழுந்த ஒன்ராறியோவாசிகள் எண்மர் நீதிமன்றம் ஏறினர். மாவி வழக்கென அறியப்படும் அவ்வழக்கில் 2011 யூன் 10ஆம் நாள் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பணத்தை அறவிடும் விடயத்தில் அரசு நியாயமான நடைமுறையைக் கைக்கொள்ள வேண்டும், தவணை கொடுக்கலாம், ஆயினும் கடன் கடனே. உறவு முறிந்தமை கடனை அழிக்காது. இதனை வாழ்ந்து அறிந்த ஒருவர் இரண்டாம் முறை பேனாவை எடுக்கத் தயங்கினால், அவரைக் கல்நெஞ்சர் என்பது தகாது.

வந்து ஏமாற்றிப் போவோரைத் தடுப்பதற்கென அரசும் ஒன்று செய்து பார்த்தது. 2012 ஒக்ரோபர் 25 முதல், புதிதாக மணந்து வந்தவர்களிற் பலர் ஈராண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலே வதிவிட உரிமை நிலைக்கும் என விதித்தது. விளைவு வேறாயிற்று. அடிக்கும் கணவனை விட்டு வெளியேறினால் நாடு கடத்தப்படுவோம் என அஞ்சிப் பெண்கள் அடிபட்டுக்கொண்டே இருந்தனர். அவ்வாறு வன்முறைக்கு ஆளானோருக்கு விலக்கு இருந்தும், அது பலர் காதுக்கு எட்டவில்லை. 2017 ஏப்ரலில் அவ்விதி நீக்கப்பட்டது. சட்டத்தால் வாசலைக் காக்க முடியும். வீட்டுக்குள் நடப்பதைக் காப்பது கடினம்.

ஆகவே நடைவழியின் இரு பக்கத்திலும் நடப்பது இதுவே. தன்னைக் கார்டுக்காகக் கேட்பவர் என்று நினைத்துவிடுவாரோ என அவர் கேட்கவில்லை. கேட்கவில்லையே, அப்படியாயின் இவருக்கு நிலையான எண்ணம் இல்லைப்போலும் என அப்பெண் முடிவு கட்டுகிறார். ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியே இருவரும் தூரமாகின்றனர்.

கடன் என்ற மற்றொரு பூதமும் உண்டு. ஏஜென்சிக்குக் கொடுத்த காசு, தங்கைக்குச் சேர்க்கும் சீதனம், வீடு திருத்த அனுப்பும் பணம். முதுநிலை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்: 1995 பெப்ரவரியில் ஒட்டாவா அரசு வளர்ந்தோர் ஒருவருக்கு 975 டொலர் என்று குடியேற்ற உரிமைக் கட்டணம் விதித்தது, அகதிகளுக்கு அது 2000இலேதான் நீங்கியது. அன்று அத்தொகையைச் சேர்க்கும் வரை என்று திருமணத்தைத் தள்ளினோர் இருந்தனர். பின்னர் தங்கைக்கு முடியட்டும் என்றோம். போர் ஓயட்டும் என்றோம். போர் 2009 மே மாதத்தில் நாம் எண்ணியிராத விதமாய் முடிந்தது. அதன் பின்னும் சிலர், 'கொஞ்சம் பொறுங்கோ' என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றனர். அவர்களிற் சிலருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

"மணம் செய்யாவிட்டால் என்ன? இந்நாட்டிற் சேர்ந்திருந்தாலே சட்டம் ஏற்றுக்கொள்ளும்தானே?" என்று எம்மிடம் கேட்போர் உளர். இவ்விடத்திலே வாசகர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். குடிவரவுச் சட்டத்திலே, தம்பதியரைப் போல் ஓராண்டாயினும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களே மணம் செய்யாத துணைவர் எனப்படுவர். ஒன்ராறியோவின் குடும்பச் சட்டத்திலே வாழ்க்கைப்படி கேட்பதற்கு மூன்றாண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது குழந்தையும் ஓரளவு நிலைத்த உறவும் இருக்க வேண்டும். எமது இருவருக்கோ இரண்டு கதவுகள், இரண்டு வாடகை ஒப்பந்தங்கள், இரண்டு தபாற்பெட்டிகள். பத்தாண்டு சோற்றுப் பெட்டி கைமாறினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அயலவர் மட்டுமே.

இது வெறும் சொல்லன்று. அவருக்குத் திடீரெனப் பக்கவாதம் வந்து நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தால், சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை, ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணத்துணைக்கோ சேர்ந்து வாழ்ந்த துணைக்கோ உண்டு. அவர்கள் இல்லையேற் பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று வரிசை செல்லும். அடுத்த கதவுக்காரர் அவ்வரிசையிலேயே இல்லை. இரு சாட்சிகள் முன்னிலையில் அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதி வைத்திருந்தால் மட்டுமே அவர் பேசலாம். மரண சாசனம் எழுதாது அவர் இறந்துபோனால், மனைவியும் பிள்ளைகளும் இல்லாத நிலையில் உடைமை முழுவதும் பெற்றோருக்கே போகும். இதில் ஒரே வீட்டில் மணமின்றி இருபதாண்டு வாழ்ந்தவருக்கும் தானாக வரும் பங்கு எதுவும் இல்லை என்பது பலரைத் திகைக்க வைக்கும் செய்தி. மணமானவரெனின், மண வாழ்வின்போது சேர்ந்த செல்வத்தின் பெறுமதியைச் சமன் செய்யும் உரிமையும் உண்டு.

இக்கருத்து எமக்குப் புதிதன்று. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த எமது தேசவழமையிலே முதுசம், சீதனம் என்பவற்றோடு தேடியதேட்டம் என்றும் ஒரு வகை இருக்கிறது. கணவனும் மனைவியும் மண வாழ்விலே தேடிய பொருள் இருவருக்கும் உரியது என்பதே அதன் சாரம். சீதனத்தை நினைவில் வைத்த அளவுக்கு நாம் தேடியதேட்டத்தை நினைவில் வைக்கவில்லை என்பது எமது குறை.

மணச் சடங்கு ஏன் வந்ததென்பதற்கும் தொல்காப்பியர் காரணம் சொல்கிறார்: பொய்யும் தவறும் உலகில் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று. களவொழுக்கத்துக்கு இரு திங்கள் எல்லை வகுக்கிறது இறையனார் அகப்பொருள். எமது தொடர்மாடித் தலைவனுக்கு இரு திங்கள் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். குடிவரவு அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்கே அதைவிட நாள் எடுக்கிறது. எனினும் பழைய அகப்பாட்டிலே ஒரு தோழி இருந்தாள். தலைவன் காலம் தாழ்த்தினால், ஊர் அலர் தூற்றுகிறது, இவளை விரைந்து மணந்துகொள் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். வரைவு கடாதல் என்று அதற்கு ஒரு துறையே வகுத்தனர். எமது மாடிகளில் அலர் மட்டும் குறைவின்றி இருக்கிறது, தோழியைக் காணவில்லை. லிப்டுக்குள் கதை பேசுவோர் பலர். அவ்விருவரையும் ஒரு தேநீருக்கு அழைத்து இருத்தி, நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாததை நாம் சொல்கிறோம் என்று தொடங்க ஒருவரும் இல்லை.

காத்திருப்பின் பாரம் இருவருக்கும் ஒன்றன்று என்பதையும் கூற வேண்டும். நாற்பதில் ஓர் ஆணுக்கு ஊரில் இன்னும் பெண் பார்ப்பார்கள். பெண்ணுக்கு, அதிலும் ஒரு முறை மணமுறிந்தவருக்கு, அவ்வழி அநேகமாக அடைபட்டிருக்கும். குழந்தை வேண்டுமென்ற விருப்பமும் உடலின் கணக்குக்குக் கட்டுப்பட்டது. 'பிறகு பார்ப்போம்' என்று இருவரும் சேர்ந்து சொன்னாலும், அதன் விலையில் பெரும் பங்கை ஒருவரே கொடுக்கிறார்.

அடுத்த கதவு என்பதுங்கூட என்றும் இருப்பதன்று. 2018 ஓகஸ்ட் 21ஆம் நாள் பார்லிமென்ற் வீதி 650ஆம் இலக்கக் கட்டடத்தில் மின்கோளாறினால் ஏற்பட்ட தீயில் 1,500 பேரளவில் வெளியேற்றப்பட்டனர். சில நாட்களில் திரும்பலாமென்று கைப்பையோடு இறங்கியோர் ஓராண்டுக்கு மேலாக வீடு திரும்பவில்லை. ஒரே மாடியில் வாழ்ந்தவர்கள் விடுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் நகரின் மூலைகளெங்கும் சிதறினர். கணவன் மனைவியர் சேர்ந்தே சென்றனர். அயலவர் ஆளுக்கொரு திசையிற் சென்றனர்.

தீ அபாய மணி எமது கட்டடங்களில் அடிக்கடி வீணே ஒலிப்பது வழக்கம். நள்ளிரவில் அது ஒலிக்கும்போது, மேலங்கியும் அணியாமல், தன் கடவுச்சீட்டையும் எடுக்காமல், முதலில் அடுத்த கதவைத் தட்டுபவர் யாரென்று அந்தந்த மாடியிலுள்ளோருக்குத் தெரியும். தட்டப்படும் கதவுக்குரியவருக்கும் தெரியும்.

ஒன்ராறியோவிலே திருமண அனுமதிப் பத்திரம் நகரசபை அலுவலகங்களிற் பெறலாம். இருவரின் அடையாளப் பத்திரங்களும், முன்னைய மணம் முறிந்ததற்கான சான்றும் வேண்டும். வெளிநாட்டிற் பெற்ற மணமுறிவாயின் சட்டத்தரணியின் கடிதமும் அரசின் ஒப்புதலும் வேண்டுமாதலால் அதனை முற்கூட்டியே கவனித்தல் நன்று. பத்திரம் எடுத்த நாளிலிருந்து 90 நாட்களுக்கே அது செல்லுபடியாகும். சடங்குக்கு இரு சாட்சிகள் தேவை; அதே மாடியில் அவர்களுக்குப் பஞ்சம் இராது.