பேஷன் ஃப்ரூட் போட்டாலும் எலுமிச்சை வேணும்

கைப்பிரின்யாவில் மொத்தமே நாலு பொருள்தான்: எலுமிச்சை, சர்க்கரை, கஷாசா, ஐஸ். சாவோ பாலோ மாநிலத்தின் உட்பகுதியில் வாழும் நாட்டுப்புறத்து ஆளை ‘கைப்பிரா’ என்பார்கள். அதோடு செல்லமாக ஒரு ‘இன்யா’ வாலைச் சேர்த்தால் இந்தப் பானத்தின் பெயர். எலுமிச்சை இருக்கும் இடத்தில் வேறு பழத்தைப் போட்டும் அங்கே குடிக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது மரக்குஜா. நாம் பேஷன் ஃப்ரூட் என்கிறோம், இலங்கையில் கொடித்தோடை. பேரில் இருக்கும் ‘பேஷன்’ காதல் சமாச்சாரம் இல்லை. அந்தப் பூவைப் பார்த்த கிறிஸ்தவப் பாதிரிமாருக்கு ஏசுவின் பாடுகள் ஞாபகம் வந்ததால் வந்த பெயர் அது.

பல செய்முறைகள் எலுமிச்சையை மொத்தமாகத் தூக்கிவிட்டு மரக்குஜாவை மட்டும் போடச் சொல்கின்றன. புளிப்புக்குப் புளிப்பு சரியாப் போச்சே என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி. கைப்பிரின்யாவில் எலுமிச்சை செய்வது ரெண்டு வேலை. சாறு புளிப்பைத் தருகிறது. தோலில் இருக்கும் எண்ணெய் வாசனையையும் நாக்கின் ஓரத்தில் நிற்கிற ஒரு மெல்லிய கசப்பையும் தருகிறது. பிழிந்து ஊற்றாமல், தோலோடு துண்டு போட்டு நசுக்குவது இந்த எண்ணெய்க்காகத்தான். சர்க்கரைப் பரல்கள் தோலை உரசுவதால் எண்ணெய் இன்னும் நன்றாக இறங்கும். மரக்குஜாவில் புளிப்பும் மணமும் தாராளம், ஆனால் அதன் ஓட்டை நாம் தூக்கித்தானே எறிகிறோம்? அப்போ கசப்பு எங்கிருந்து வரும்? பானம் இனிப்பும் புளிப்புமாக, பழ ஜூஸில் சாராயம் கலந்த மாதிரி நின்றுவிடும். அதனால் நான் பாதி எலுமிச்சையை விடுவதே இல்லை.

எந்த எலுமிச்சை என்பதும் முக்கியம். பிரேசில் கடைகளில் அதிகம் கிடைப்பது தாஹிதி வகை: பெரிசு, விதை இருக்காது. நம்ம ஊர் சின்ன எலுமிச்சையும் அங்கே உண்டு, லிமாவ் கலேகோ என்று பெயர். அது புளிப்பு அதிகம், விதையும் அதிகம். நம்ம பழத்தில் செய்தால் விதையையும் நடுவில் ஓடுகிற வெள்ளை நாரையும் எடுத்துவிடுங்கள். அந்த நார் தருவது தோல் தருகிற நல்ல கசப்பு இல்லை.

இனி கஷாசா. ரம் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வருவது. கஷாசா பச்சைக் கரும்புச் சாற்றையே புளிக்கவைத்து வடிப்பது. அதனால்தான் அதில் ஒரு புல் வாசனை. பிரேசில் அரசு 2003-இல் போட்ட ஆணைப்படி கஷாசாவின் சாராய அளவு 38 முதல் 48 சதவீதம். கைப்பிரின்யா என்ற பெயருக்கும் அதே ஆணையில் இலக்கணம் உண்டு: கஷாசா, எலுமிச்சை, சர்க்கரை. ஆக மரக்குஜா போட்டதைச் சட்டப்படி கைப்பிரின்யா என்றே சொல்ல முடியாது! கஷாசா கிடைக்கவில்லை என்றால், கரும்புச் சாற்றில் செய்யும் மார்ட்டினிக் தீவு ரம் கிட்டத்தட்ட வரும். சாதா வெள்ளை ரம்மில் புல் வாசனை இருக்காது. ஓட்காவில் செய்தால் பிரேசில்காரர்களே அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், கைப்பிரோஸ்கா. மோசமில்லை, ஆனால் வேறு பானம்.

ஒரு ஆளுக்கு என் அளவு: எலுமிச்சை பாதி, மரக்குஜா ஒன்று, சர்க்கரை 4 டீஸ்பூன், கஷாசா 60 மில்லி. கனமான கிளாஸில் எலுமிச்சைத் துண்டுகளையும் சர்க்கரையையும் மட்டும் முதலில் போட்டு மர மத்தால் அழுத்தித் திருகுங்கள். இடிக்க வேண்டாம், நாலைந்து திருகு போதும். சாறும் எண்ணெயும் விட்டு, சர்க்கரை கரையத் தொடங்கும். கஷாசாவை ஊற்றிவிட்டு அப்புறம் கரைக்கலாம்னு விட்டால் சர்க்கரை அடியிலேயே தங்கும். சாராயத்தில் அது லேசில் கரையாது. மரக்குஜாச் சதையை மத்து வேலை முடிந்த பிறகுதான் போட வேண்டும். விதை உடைந்தால் துவர்க்கும், கறுப்புத் துகள் வேறு பல்லில் மாட்டும். முழு விதை மிதந்தால் பிரச்சினை இல்லை, கடித்தால் நறுக்கென்று நன்றாகவே இருக்கும். கடைசியில் கஷாசா, கிளாஸ் நிறைய ஐஸ், ஒரு கலக்கு. ஊதாத் தோல் பழத்தைவிட மஞ்சள் பழம் புளிப்பு. பிரேசிலில் அதிகம் விளைவது மஞ்சள்தான். அதுக்கு அரை ஸ்பூன் சர்க்கரை கூட வேண்டியிருக்கும்.

செய்த உடனே குடிக்கணும். வைத்திருந்தால் தோல் ஊறி, கசப்பு ஏறிக்கொண்டே போகும். ஜாடி நிறையச் செய்து ஃப்ரிட்ஜில் வைக்க இது ஏற்றது இல்லை.

விருந்துக்கு நிறையச் செய்ய வேண்டுமென்றால் பச்சீடா செய்யலாம். போர்த்துகீசியத்தில் ‘அடித்தது’ என்று அர்த்தம். வடிகட்டிய மரக்குஜாச் சாறு, கஷாசா, கண்டென்ஸ்டு மில்க், ஐஸ் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடிப்பதுதான். இங்கே எலுமிச்சைத் தோல் தேவையே இல்லை, பாலோடு அந்தக் கசப்பு சேராது. ஒன்று மட்டும் கவனம். 40 சதவீதக் கஷாசா 60 மில்லி என்றால் அதில் 24 மில்லி சுத்த சாராயம். கைப்பிரின்யாவில் அதன் காரம் தொண்டையில் தெரியும். பச்சீடாவில் பாலும் இனிப்பும் அதை மறைத்துவிடும், மில்க் ஷேக் மாதிரி இறங்கும். அதனால் நான் அதைச் சின்ன கிளாஸில்தான் ஊற்றுவேன். வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு கஷாசா இல்லாமல் தனியாக ஒரு ஜாடி அடித்துவைப்பேன், அதுவும் நன்றாகவே இருக்கும்.