தோசைக் கல்லைத் தேய்க்காதீர்கள்!

வீட்டு வேலையில் மனைவிக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்று பத்திரிகைகள் ஓயாமல் எழுதுகின்றன. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன். அதன் பலனைச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுபவித்தேன்.

மனைவி கடைவீதிக்குப் போயிருந்தாள். சமையலறையில் தோசைக் கல் என் கண்ணில் பட்டது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து சீர் வரிசையோடு வந்த வார்ப்பிரும்புக் கல். கன்னங்கரேல் என்று இருந்தது. 'பாவம், இதைத் தேய்க்க அவளுக்கு நேரமில்லை' என்று இரக்கப்பட்டு, கம்பி நாரும் சோப்புத் தூளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கல் புது நாணயம் போல் வெளுத்துவிட்டது.

மனைவி வந்து பார்த்தாள். "ஏங்க, இது எங்கம்மா பதினெட்டு வருஷம் பழக்கின கல்லுங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். பிறகு இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு ஊற்றிய தோசையும் கல்லை விட்டு வர மறுத்துவிட்டது. சுரண்டி எடுத்ததை உப்புமா என்று பெயரிட்டுச் சாப்பிட்டேன்.

கூரைக்கு அடியில், கதவுக்கு உள்ளே இருக்கும் கல்லுக்கே இந்தக் கதி என்றால், வெயிலிலும் மழையிலும் புழுதியிலும் கிடக்கும் தெருவோரத் தோசைக் கல்லை எப்படித்தான் காப்பாற்றுகிறார்கள்? இந்தச் சந்தேகத்தோடுதான் மறுநாள் பொழுது சாயும் வேளையில் சிங்காநல்லூருக்குப் போனேன். திருச்சி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் தள்ளுவண்டி வைத்திருக்கும் ஓர் அக்கா எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அட சாமி! கல்லைத் தேச்சுப் போட்டீங்களா? ஏனுங்க தம்பி, கருப்பா இருந்தா அழுக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நியாயமான கேள்வி. அந்தக் கறுப்பு என்ன என்பதை முதலில் தெரிந்து கொள்வோம். இரும்பின் மேல் மெல்லியதாக எண்ணெய் தடவி நன்றாகக் காய்ச்சினால், எண்ணெய் காற்றோடு கலந்து இறுகி, வார்னிஷ் பூசியது போன்ற ஒரு தோலாக மாறுகிறது. ஓவியர்கள் வர்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பதும் அது இப்படி இறுகும் என்பதற்காகத்தான். தோசைக்குத் தோசை, நாளுக்கு நாள் இந்தத் தோல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிகிறது. துருவையும் தடுக்கிறது, மாவு இரும்பைப் பிடித்துக் கொள்ளாமலும் காக்கிறது. இதைத்தான் நம் பெண்கள் 'கல் பழகியிருக்கிறது' என்கிறார்கள். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இதற்கு ஏற்றவை. பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது, தேங்காய் எண்ணெய் அவ்வளவு லேசில் இறுகுவதில்லை.

அப்படியானால் அழுக்கு என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. அக்கா சொன்ன சோதனை சுலபமானது. ஆறிய கல்லை விரலால் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் அது பழக்கம். நறநறவென்று உதிர்ந்தால் அது கருகல். கருகலை எடுக்கத்தான் வேண்டும். எடுக்காவிட்டால் தோசை கசக்கும்.

வண்டிக் கல்லின் ஒரு நாள் வாழ்க்கையைப் பார்ப்போம். நாலு மணிக்கு மூடியை எடுத்ததும் முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. நைலான் கலந்த துணி ஆகாது, சூட்டில் உருகி ஒட்டிக் கொள்ளும். பிறகு மெல்லிய தீ. கனமான கல்லுக்கு எடுத்த எடுப்பில் பெருந்தீ வைத்தால் நடு மட்டும் காய்ந்து ஓரம் பச்சையாக நிற்கும். தெருவில் கிடக்கும் கல்லுக்கு இரவில் என்னென்ன விருந்தாளிகள் வந்து போயிருப்பார்களோ! அதனால் புகை கிளம்பும் வரை காயவிட்டு, மறுபடி துடைத்து, எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தால் கல் முழுவதும் தேய்க்கிறார். அதற்கப்புறம்தான் முதல் தோசை. அதுவும் காக்கைக்கு.

அடுத்தது தண்ணீர்த் தெளிப்பு. சுர்ரென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பசிக்கும். நீர் அப்படியே நின்று மெதுவாகக் கொதித்தால் சூடு போதாது. சுர்ரென்று உடனே ஆவியானால் சரியான சூடு. நீர்த்துளி முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. அப்போது மாவை ஊற்றினால் கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். ஜெர்மனியில் லைடன்ஃப்ராஸ்ட் என்ற வைத்தியர், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீரைச் சொட்டவிட்டு இந்த முத்து ஓட்டத்தை ஆராய்ந்து 1756இல் ஒரு நூலே எழுதினார். துளிக்கு அடியில் ஆவி மெத்தை போல் நின்று அதைத் தாங்குகிறதாம். நமது அக்கா நூல் ஒன்றும் எழுதவில்லை. இன்னொரு கை தண்ணீரைத் தெளித்துச் சூட்டைத் தணித்துவிட்டு, அடுத்த தோசையை ஊற்றினார்.

தெளித்த நீரைக் கூட்டித் தள்ளுவது தென்னை ஈர்க்குத் துடைப்பம். கல்லுக்கென்றே வாங்கி, நுனியை வெட்டி, தரையில் படாமல் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். தோசைக்குத் தோசை அந்தத் துடைப்பம் ஒரு வீச்சு வீசுவதால் கருகல் சேரவே வழியில்லை. கம்பி நாரை அவர் வண்டிக்கு அருகிலேயே விடுவதில்லை. பழக்கத்தைச் சுரண்டுவது ஒரு பக்கம். நாரிலிருந்து உடைந்த கம்பி ஒன்று தோசைக்குள் போனால் என்ன ஆவது?

இங்கே காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோயமுத்தூரில் எப்படி அடிக்கும் என்று வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாது. அடுப்புத் தீயை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். கல்லின் பாதி கொதிக்கும், பாதி குளிரும். மூன்று பக்கமும் தகரம் அடைத்துத்தான் கடை போட முடியும். கூடவே சாரல் வேறு. அந்தச் சாரல்தான் இந்த அக்காவின் குடும்பத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டது.

அவர் முதலில் வைத்திருந்தது மாமியார் காலத்து வார்ப்பிரும்புக் கல். கணவர் தவறிய பிறகு அந்தக் கல்லை நம்பித்தான் இரண்டு குழந்தைகளைப் படிக்க வைத்தார். ஓர் ஆடி மாதத்து இரவு. சாரல் வலுக்கிறது. வேலைக்கு இருந்த பையனுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். தணலாய்க் காய்ந்திருந்த கல்லின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டான்.

"டக்குனு ஒரு சத்தமுங்க, தம்பி. அவ்வளவுதான். ஓரத்துல இருந்து நடு மட்டும் கீறல்."

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்திருக்கிறது. சூட்டை நன்றாகத் தாங்கி நிற்கும். ஆனால் வளைந்து கொடுக்கத் தெரியாது. மேல் பக்கம் திடீரென்று குளிர்ந்து சுருங்க, அடிப்பக்கம் சூட்டில் விரிந்தே நிற்க, நடுவில் பிளந்துவிடுகிறது. தட்டையான இரும்புத் தகட்டுக் கல்லாயிருந்தால் பெரும்பாலும் பிளக்காது. நெளிந்து குழி விழும். பிறகு எண்ணெய் எல்லாம் அந்தக் குழியில் போய்த் தேங்கும்.

கீறிய கல்லை ஒட்டவைக்க முடியாது. கடன் வாங்கிப் புதுக் கல் வாங்கினார். பம்புசெட்டும் கிரைண்டரும் வார்க்கும் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் புதுக் கல் தோசைக் கல் ஆக வேண்டுமே! வடிகஞ்சியில் ஊற வைத்து, தேய்த்துக் கழுவி, தீயில் உலர்த்தி, எண்ணெய் தடவிக் காய்ச்சி, மறுபடி தடவிக் காய்ச்சி... அப்படியும் ஒரு மாதம் தோசை பிய்ந்து பிய்ந்துதான் வந்தது. வாடிக்கைக்காரர்களுக்குக் கல் மாறியது தெரியாது. "என்னங்கக்கா, கைப்பக்குவம் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள். கல் உடைந்ததைவிட அந்தக் கேள்விதான் அவரை அழ வைத்ததாம்.

"அந்தப் பையனை நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டே பக்கத்து வண்டியைக் காட்டினார். அங்கே முப்பது வயது இளைஞர் ஒருவர் காளான் போட்டுக் கொண்டிருந்தார்.

கோயமுத்தூர் ரோட்டுக் கடைக் காளானைச் சாப்பிடாதவர்களுக்கு என்ன சொல்லி விளக்குவது! காளானோடு முட்டைக்கோஸும் சேர்த்துப் பொரித்து, அகன்ற இரும்புக் கல்லில் வெங்காயமும் மசாலாவும் குழம்புமாகப் போட்டு, கரண்டியால் கொத்திக் கொத்திக் கொடுப்பார்கள். இந்தக் கல்லுக்குச் சோதனை அதிகம். தக்காளிப் புளிப்பு பழக்கத்தை அரிக்கும். சோள மாவுக் குழம்பு பசை போல் பிடித்துக் கருகும். உப்பும் ஈரமும் துருவை அழைத்து வரும். ஆகவே அந்த இளைஞர் தினந்தோறும் இரவில் செய்கிற காரியத்தை நின்று பார்த்தேன். அடுப்பை அணைத்து, கல் சற்றே தணிந்ததும், தட்டையான சுரண்டியால் ஒரே பக்கமாகச் சுரண்டினார். ஒரு பிடி கல் உப்பைப் போட்டுத் துணியால் தேய்த்தார். வெந்நீரை - பச்சைத் தண்ணீரை அல்ல! - கொஞ்சமாக ஊற்றித் துடைத்தார். திரும்பவும் தீயை மூட்டி, ஈரம் சுண்டிய பிறகு, ஒரே ஒரு கரண்டி எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினார், தடவியதையும் துடைத்துவிட்டார்.

"எச்சா எண்ணெய் இருந்தா விடியறதுக்குள்ள பிசினாட்டம் ஆயிருமுங்க. புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கும்" என்றார். பிறகு ஆறவிட்டு, மரப் பலகையால் மூடி, அதன்மேல் தார்ப்பாயைக் கட்டினார். சாக்கு போடுவதில்லை, அது பனியைக் குடித்துக் கல்லுக்குக் கொடுத்துவிடும்.

"நான் சித்தெ கழுவித் தரட்டுங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். சுரண்டியை மறுபக்கம் மாற்றி வைத்துக் கொண்டார்.

அக்கா சொல்லியனுப்பிய வைத்தியத்தை வீட்டில் ஆரம்பித்தேன். வெளுத்த இடத்தில் அதற்குள் செந்துரு பூத்திருந்தது. புளியைக் கரைத்துத் தேய்த்து, கழுவின கையோடு தீயில் உலர்த்தி, தினம் காலையில் எண்ணெய் தடவிக் காய்ச்சி வருகிறேன். ஓட்டாத பாத்திரம் ஒன்று வாங்கிவிட்டால் போச்சு என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அந்தப் பூச்சு ஏறக்குறைய 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பது ஒரு பக்கம் இருக்க, கோபிசெட்டிபாளையத்துக்கு யார் பதில் சொல்வது?

இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. கல்லின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. நேற்று ஆறு தோசையில் நாலு முழுசாக வந்தன. மாமியார் பொங்கலுக்கு வருகிறார்.