கழுத்து நாடா

கழுத்து நாடா என்பது அடையாள அட்டை, சாவி, விசில் போன்ற சிறு பொருட்களைக் கழுத்தில் தொங்கவிடப் பயன்படும் பட்டை ஆகும். அகலமான, மென்மையான நாடா எடையைப் பரப்புவதால் கழுத்தை உறுத்தாது.

பாதுகாப்பு

நாடா எதிலேனும் சிக்கினால் கழுத்தை இறுக்கக்கூடும். ஆகவே, பலமாக இழுபட்டால் தானே விடுபடும் கொக்கி பிடரிப் பக்கத்தில் உள்ள நாடாவே ஏற்றது. தேனி வட்டாரத்து நூற்பாலைகளில் உள்ளவை போன்ற சுழலும் இயந்திரங்களின் அருகே இக்கொக்கியை மட்டும் நம்பலாகாது. நாடாவைக் கழற்றிவிட்டு, அட்டையைப் பைக்குள் வைப்பதே நன்று. இயங்கும் இயந்திரத்துக்கு எண்ணெயிடுவோர் உடலை ஒட்டிய உடை அணிய வேண்டும் என 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததும் இத்தகைய ஆபத்தைக் கருதியே ஆகும்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் பயன்படும் கவாத்துக் கத்தரி போன்ற கூரிய கருவிகளைக் கழுத்தில் தொங்கவிடலாகாது. தடுக்கி விழுந்தால் முனை மார்பில் குத்தும். அவற்றுக்கு இடுப்பு உறையே பொருத்தமானது.